மூன்றாவது பெயர்

ஆல்பம் வெளியாகிப் பதினான்காவது நாள் அந்தக் கமெண்ட் வந்தது.

கரியாஹாட்டில் தன் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தின் பின்பக்க மாடிப்படியில் உட்கார்ந்து மதுவந்தி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கையில் போன். கமெண்டுகள் இந்தப் பதின்மூன்று நாட்களில் அவளுக்கு ஊறுகாய் மாதிரி ஆகியிருந்தன. ஒரு வாய் சாதம், இரண்டு கமெண்ட். பிரேசிலில் ஒருவன் கண்ணீர் பொம்மைகளாகப் போட்டிருந்தான். பராசத்தில் ஒருவன் வங்காளியில் கெட்ட வார்த்தை சொல்லிப் பாராட்டியிருந்தான். பெண்ணின் தொண்டையிலிருந்து இந்தக் குரல் வராது, கம்ப்யூட்டர்தான் என்று டில்லியில் ஒரு புத்திசாலி கண்டுபிடித்திருந்தான்.

ஆயிரத்துச் சொச்சம் கமெண்டுகளில் தமிழில் இருந்தது அது ஒன்றுதான்.

'மூன்றாவது பெயர் தவறு. உத்தமன் என்பது வீட்டில் கூப்பிட்ட பெயர். வைத்தியநாத சர்மா என்று சொல்ல வேண்டும். மற்ற இரண்டும் சரி.'

எழுதியவர் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை. படம் இருக்க வேண்டிய வட்டம் காலி.

மதுவந்தி ஸ்பூனைக் கீழே வைத்தாள். வெயில் சுரீரென்று அடித்துக்கொண்டிருந்த மத்தியானத்தில் முதுகுத்தண்டில் ஈரத்துணி போட்டதுபோல் இருந்தது. அந்த மூன்று பெயர்களை இந்த ஊரில் பிழை திருத்திச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் பதின்மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மஹாளய அமாவாசையன்று விடிகாலையில் தர்ப்பணம் பண்ணக் கங்கைக்குப் போனவர், திரும்பி வரவில்லை.

அவளுடைய அப்பா பாலசுப்ரமணியன்.

அன்றைக்குப் படித்துறையில் எள் போட இடமில்லாத கூட்டம். அப்பாவின் செருப்பும், எள்ளும் தர்ப்பையும் வைத்திருந்த துணிப்பையும் மேல்படியில் கிடைத்தன. ஆள் கிடைக்கவில்லை. மூன்று நாள் படகு விட்டுத் தேடினார்கள். ஆற்றில் அன்று நீரேற்றம் அதிகம், இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றது போலீஸ். பேங்க் மேனேஜர், கடன் இல்லை, சண்டை இல்லை, வியாதி இல்லை. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மதுவந்தி அந்த வாரமே நம்பிவிட்டாள், அப்பா போய்விட்டார் என்று.

அம்மா ஜகதாம்பாள் நம்பவில்லை.

"உடம்பைக் காட்டு, நம்பறேன்" என்று அன்று சொன்னவள் இன்று வரைக்கும் அதையேதான் சொன்னாள். காளிகாட் சந்தில் அவர்கள் குடியிருந்த முதல் மாடி, எண்பது வருடத்துக் கட்டிடம். மழைக்கு மழை கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும். போன வருடம் ஒரு துண்டு அம்மாவின் தோளில் விழுந்து, கை ஒரு மாதம் தூளியில் தொங்கியது. கார்ப்பரேஷன்காரர்கள் 'அபாயமான வீடு' என்று வாசலில் தகரப் பலகை அடித்துவிட்டுப் போனார்கள். மற்ற குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். அம்மா மட்டும் அசையவில்லை. வருகிறவர் இந்த விலாசத்துக்குத்தானே வருவார் என்பது அவள் கட்சி.

காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருடம் பார்க்க வேண்டும், அப்புறம் தர்ப்பையில் உருவம் செய்து தகனம் பண்ணிக் காரியம் நடத்தலாம் என்பது சாஸ்திரம். போன வருடம் விஸ்வநாத வாத்தியார் அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வந்தபோது அம்மா அவருக்கு காபி கொடுத்து, பட்சணம் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினாள். "இனிமே இதுக்காக வராதேங்கோ மாமா" என்றாள்.

பிள்ளை இல்லாத வீடு. அப்பாவின் பெயரைச் சொல்லி ஒரு கை எள்ளும் தண்ணீரும் விட யாரும் இல்லை. பெண் செய்யக்கூடாது என்றார்கள். செய்யலாம் என்றாலும் அம்மா விடப்போவதில்லை. மதுவந்தியிடம் இருந்தது ஒரு தொண்டைதான்.

அது சாதாரணத் தொண்டை அல்ல. அடிவயிற்றிலிருந்து புரட்டி, நெஞ்சில் அரைத்து, கரகரவென்று வெளியே வீசுகிற ஹெவி மெட்டல் குரல். அவளும், லேக் மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருந்த வீரபாண்டியனின் மகன் பிரவீணும், டாலிகஞ்ச் அர்க்கோவும் சேர்ந்து ஏழு வருடங்களாக 'பாதாள்' என்று ஒரு பேண்ட் நடத்தினார்கள். பிரவீண் கிதார். அர்க்கோ டிரம்ஸ். மதுவந்தி பேஸ் கிதாரும் குரலும். மெட்ரோவை இந்த ஊர்க்காரர்கள் பாதாள் ரயில் என்பார்கள். மூவரும் முதலில் பழகியது அதில்தான், அதனால் அந்தப் பெயர். பெண் இப்படிக் கத்துவதைப் பற்றி ஜகதாம்பாள் சொன்னது ஒன்றுதான்: "ராத்திரி உப்பு ஜலத்துல கொப்பளிச்சுட்டுப் படு."

முதல் முழு ஆல்பத்துக்கு 'பித்ருபட்சம்' என்று பெயர் வைத்தது மதுவந்தி. செத்தவர்கள் தண்ணீருக்காக வந்து நிற்பதாகச் சொல்லும் பதினைந்து நாட்கள். எட்டுப் பாட்டு. கடைசிப் பாட்டில் வரிகளே கிடையாது. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று பெயர்கள் மட்டும். ஒவ்வொன்றும் மூன்று தடவை. ஒவ்வொரு தடவைக்கும் அர்க்கோவின் ஒரே ஓர் அடி. அடியில், படித்துறையில் போனை நீட்டிப் பதிவு செய்த ஆற்றுச் சத்தம்.

அது பாட்டு அல்ல, தர்ப்பணம் என்பது அவளுக்குத் தெரியும். அப்பாவை அதில் முறைப்படி அனுப்பி வைத்துவிட்டால், அம்மா அதைக் கேட்டு ஒரு நாள் முழுக்க அழுது முடித்துவிட்டால், அந்தக் கூரைக்கு அடியிலிருந்து அவளைக் கிளப்பிவிடலாம். மதுவந்தி இந்த ஆல்பத்தில் கேட்டது அவ்வளவுதான்.

பெயர்களுக்கு அம்மாவைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"எதுக்குடீ?"

"ஆபீஸ்ல ஒரு ஃபாரம்."

"கொள்ளுத்தாத்தா பேர் கூடவா கேக்கறா?"

"இப்ப எல்லாம் கேக்கறாம்மா."

புருஷன் பெயரையும் மாமனார் வகைப் பெயர்களையும் அம்மா வாயால் சொல்ல மாட்டாள். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தாள். பாலசுப்ரமணிய சர்மா. சுந்தரேச சர்மா. உத்தமன்.

டாலிகஞ்ச் ஸ்டுடியோவில் முதல் இரண்டு பெயர்களும் முதல் டேக்கிலேயே வந்துவிட்டன. மூன்றாவது வரவில்லை. சுருதி சேர்ந்தது, மூச்சு தாங்கியது, ஆனால் பெயர் குரலில் உட்காரவில்லை. வாயிலிருந்து புறப்பட்டு எங்கேயும் போய்ச் சேராமல் அறைக்குள்ளேயே சுற்றியது. பத்தொன்பது டேக்.

"உங்க கொள்ளுத்தாத்தாவுக்கு மெட்டல் புடிக்கல போல" என்றான் பிரவீண், ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே. "இல்ல, எங்கப்பா மாதிரி, மொதல்ல கடையப் பாருலேன்னு சொல்றாரோ என்னவோ."

கடைசியில் பத்தொன்பதாவதையே வைத்துக்கொண்டார்கள். மஹாளயத்தன்று காலை ஆல்பத்தை இன்டர்நெட்டில் ஏற்றினார்கள். நாலாவது நாள் பின்லாந்திலிருந்து ஒரு விமர்சகர் எழுதினார்: 'எட்டாவது பாட்டு கேட்கும்போது என் சமையலறையில் யாரோ வந்து நின்றார்கள்.' அதற்குப் பிறகு ஊரே கேட்டது. வங்காளி தினசரி ஒன்று அரைப்பக்கம் படத்தோடு போட்டது. மந்திரத்தை ஒரு பெண் ஊளையிடுவதா என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். ஜாதவ்பூர் மாணவர்கள் நடைபாதையில் நின்று, யாரென்றே தெரியாத மூன்று தமிழ்ப் பெயர்களைத் தொண்டை கிழியக் கத்தி வீடியோ எடுத்துப் போட்டார்கள்.

அம்மா அழவில்லை. கேட்டாளா என்றுகூடத் தெரியவில்லை. சாதாரண பட்டன் போன் வைத்திருப்பவள். மதுவந்தி போட்டுக் காட்டவும் பயந்தாள்.

இப்போது இந்தக் கமெண்ட்.

அலுவலகத்தில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அவள் நேராக லேக் மார்க்கெட்டுக்குப் போனாள். பிரவீண் கடையில் அப்பளக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். போனை வாங்கிப் படித்தான். தமிழ் எழுத்தை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பவன், நேரமானது.

"யாராச்சும் விளையாடுறானுங்க."

"உத்தமன்கிறது வீட்டுப் பேருன்னு விளையாடறவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே."

"அப்ப நெசமாவே..." அவன் அப்பளக் கட்டைக் கீழே வைத்தான். "பதில் போட்டியா?"

"யாரு நீங்கன்னு கேட்டேன். எங்க இருக்கீங்கன்னு கேட்டேன். ஒண்ணும் வரலை. அப்புறம் ரெண்டையும் அழிச்சுட்டேன்."

"இங்க பாரு மது. ஒண்ணு அந்தக் கமெண்ட டெலீட் பண்ணு. இல்ல மாமிகிட்ட காட்டு. ரெண்டுக்கும் நடுவுல வெச்சுக்கிட்டு சுத்தாத, பைத்தியம் புடிச்சிரும்."

அவன் சொல்வது எளிது. காட்டினால் அம்மாவுக்குப் பதின்மூன்று வருடத்துக்கு அப்புறம் ஒரு தடயம் கிடைத்துவிடும். இன்னும் இருபது வருடம் அந்தக் கூரைக்கு அடியில் உட்கார்ந்திருப்பாள், கூரை அதுவரை விட்டால். அழித்தால்? படித்துறையில் நின்றுகொண்டு, தண்ணீரிலிருந்து நீண்ட கையைத் தானே தட்டிவிட்டது போல இருக்கும். இரண்டுக்கும் முன்னால், அந்தப் பெயர் உண்மைதானா என்று தெரிய வேண்டும்.

விஸ்வநாத வாத்தியார் இரண்டு தெரு தள்ளி இருந்தார். மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர், விஷயத்தை முழுக்கச் சொல்லாமல் அவள் கேட்ட கேள்வியைப் பொறுமையாகக் கேட்டார்.

"வைத்தியநாதனா, வேற பேரா, எனக்கு எப்படிம்மா தெரியும்? உங்கப்பா என்னைக் கூப்பிட்டதே இல்லையே. புஸ்தகத்தை வெச்சுண்டு தானே பண்ணிப்பார். ரொம்ப ஸ்வாபிமானி."

"அப்பாவோட அண்ணா தம்பி யாருக்காவது..."

"ஒரு அண்ணா இருந்தானாம், ரெண்டு வயசுல போயிட்டானாம். வேற யாரும் கிடையாது." வாத்தியார் விசிறியால் முதுகைச் சொறிந்துகொண்டார். "ஆனா ஒண்ணு. கல்யாணத்துல கன்னிகாதானம் பண்றச்சே இன்னாரோட கொள்ளுப்பேரன், இன்னாரோட பேரன், இன்னாரோட பிள்ளைன்னு மூணு தலைமுறையும் மூணு தடவை உரக்கச் சொல்லுவா. உங்கம்மா மணையில உக்காந்துண்டு கேட்டிருப்பாளே. அவளையே கேளேன்."

மதுவந்தி அங்கிருந்து எப்படி வெளியே வந்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை. அம்மா கேட்டிருக்கிறாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அப்படியானால் காலண்டர் தாளில் ஏன் உத்தமன்?

வீட்டுக்குப் போனபோது மணி ஐந்தரை. ஜகதாம்பாள் கூடத்தில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் உட்காரும் நாற்காலி கூரையின் விரிசலுக்கு நேர் கீழே இருந்தது. எத்தனை தடவை நகர்த்திப் போட்டாலும் அங்கேயே வந்துவிடும். அங்கிருந்துதான் மாடிப்படி தெரியும்.

"சீக்கிரம் வந்துட்டே?"

"அம்மா, கொள்ளுத்தாத்தா பேர் என்ன?"

கத்தி நின்றது. "எழுதிக் குடுத்தேனே."

"அது கூப்பிடற பேரா, நெஜப் பேரா?"

"யார்டீ உன்னைக் கேக்கச் சொன்னா?"

அந்தக் கேள்வியில் இருந்த அவசரம் போதுமானதாக இருந்தது. மதுவந்தி போனை நீட்டினாள். ஜகதாம்பாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியைப் பார்த்தாள். மதுவந்தியும் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. காலி வீடுகளின் கதவு ஒன்று காற்றில் அடித்துக்கொண்டது.

"வேணும்னுதான் மாத்தி எழுதினேன்" என்றாள் அம்மா.

"என்னம்மா சொல்றே?"

"எந்த ஆபீஸ்டீ கொள்ளுத்தாத்தா பேரைக் கேக்கும்? பித்ருபட்சம்னு ஆல்பத்துக்குப் பேரு வெச்சதா நீதானே போன்ல கத்திண்டிருந்தே. எதுக்குக் கேக்கறேன்னு எனக்கு அப்பவே தெரியும். ஒரு பேரு தப்பானா மூணும் போய்ச் சேராது. அவர் பேரையும் அதுல வெச்சுத்தானே சொல்லப்போறே. சேரக்கூடாதுன்னு நெனச்சேன்."

மதுவந்திக்கு அந்தப் பத்தொன்பது டேக்கும் நினைவுக்கு வந்தன.

"எதிர்வீட்டு வங்காளி பௌதி பேப்பரைக் கொண்டுவந்து காட்டினா. பொண்ணு பேர் வாங்கிட்டாளேன்னு சந்தோஷப்பட்டா. அவ போன்லயே போட்டுக் கேட்டேன். மூணாவது பேர் வரச்சே நிம்மதியா இருந்துது எனக்கு. தப்பாத்தான் சொல்றா, ஒண்ணும் ஆகாதுன்னு."

"அம்மா, அதை விடு. இது அப்பா எழுதினதுன்னா, அப்பா எங்கேயோ இருக்கார்னு அர்த்தம். போலீஸ்ல குடுத்தா எந்த ஊர்லேர்ந்து போட்டிருக்குன்னு கண்டுபிடிக்கலாம். அர்க்கோவோட மாமா லால்பஜார் போலீஸ் ஆபீஸ்லதான்..."

"கடைசி வரியைப் படி."

"எது?"

"வாய்விட்டுப் படி."

மதுவந்தி படித்தாள். "மற்ற இரண்டும் சரி."

"மொதல் பேர் யாரோடது?"

பதினான்கு நாட்களாக உலகம் முழுக்க அந்தப் பெயர் செத்தவன் பெயராகக் கத்தப்பட்டுக்கொண்டிருந்தது. அதை ஒருவர் உட்கார்ந்து, கடைசி வரை கேட்டு, தன் தாத்தாவின் பெயரில் பிழை கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறார். தன் பெயரை எடு என்று சொல்லவில்லை.

"நான் போட்ட முடிச்சை அவரே வந்து அவுத்துட்டுப் போயிருக்கார்" என்றாள் ஜகதாம்பாள். குரலில் அழுகை இல்லை. கோபம் இருந்ததா என்று மதுவந்தி உற்றுக் கேட்டாள், அதுவும் பிடிபடவில்லை. "என் மேல வெறுப்பா, பேங்க் மேல வெறுப்பா, என்னன்னு தெரியாது. பதிமூணு வருஷமா யோசிச்சாச்சு. உசிரோட இருந்துண்டு எழுதினாரோ, போனப்புறம் எழுதினாரோ, ரெண்டும் எனக்கு ஒண்ணுதான். கணக்கை நேர் பண்ணு, என்னை விடுன்னு எழுதியிருக்கார். போலீஸெல்லாம் வேண்டாம். வரமாட்டேன்னு சொல்றவரை விலங்கு போட்டா கூட்டிண்டு வரமுடியும்?"

ஜகதாம்பாள் போனைக் காட்டி, "இதுல எப்படி எழுதறது?" என்று கேட்டாள்.

மதுவந்தி தமிழ் எழுத்துகளைத் திறந்து கொடுத்தாள். அம்மா ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினாள். கால்மணி நேரம் ஆயிற்று. அவள் எழுதியது இவ்வளவுதான்:

'திருத்தம் கிடைத்தது. நன்றி. இனி சரியாகச் சொல்வோம்.'

அப்பாவின் பேங்கிலிருந்து வாடிக்கையாளருக்குப் போகும் கடிதம் மாதிரி இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கத்திரிக்காயை எடுத்துக்கொண்டாள். அவள் நறுக்கிய துண்டுகள் எப்போதும்போல ஒரே அளவில் விழுந்தன. பிறகு நிமிர்ந்து, "அந்தப் பாட்டை மறுபடியும் பாட முடியுமா?" என்றாள்.

"வேண்டாம்மா. என்னால முடியாது."

"உன்னால முடியாதுன்னா என்னால மட்டும் முடியுமா? தப்பா எழுதினவ நான். நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜகதாம்பாள் டாலிகஞ்ச் ஸ்டுடியோவுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். சினிமா டப்பிங்குக்குக் கட்டிய அறை. சுவரெல்லாம் கருப்புப் பஞ்சு. மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே போட்டிருந்த சோபாவில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, யார் வீட்டு வளைகாப்புக்கோ வந்தவள்போல் உட்கார்ந்தாள். அர்க்கோ அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "மாஷிமா, காது வலிக்கும்" என்று வங்காளியில் எச்சரித்துப் பஞ்சு கொடுத்தான். "எனக்குப் பழக்கம்பா" என்று தமிழில் சொல்லி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"மூணாவது பேர மட்டும் எடுத்து ஒட்டிடலாம் மது" என்றான் பிரவீண். "மத்தது அப்படியே இருக்கட்டும்."

"இல்லப்பா. முழுசாச் சொல்லட்டும்" என்றாள் ஜகதாம்பாள்.

மதுவந்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் மைக் முன்னால் நின்றாள். ஹெட்போனில் ஆறு ஓடத் தொடங்கியது. முதல் பெயர் வரவேண்டிய இடம் வந்தது, போயிற்று. அவள் வாய் திறக்கவில்லை. அர்க்கோவின் அடி மட்டும் வெறுமனே விழுந்தது.

மறுபடி ஆறு. மறுபடி அடி. அவளால் முடியவில்லை.

போன தடவை செத்துப்போன அப்பாவைக் கூப்பிட்டாள். தொண்டையில் தடையே இல்லை. இப்போது எங்கேயோ ஓர் ஊரில், ஒரு அறையில், போனைக் காதோடு வைத்துக் கேட்கப்போகும் ஒருவரைச் செத்தவர் என்று கூப்பிட வேண்டும். கேட்பதற்கு அவர் தயாராக இருக்கிறார் என்பதுதான் அவளைப் பிடித்து நிறுத்தியது. ஹெட்போனில் ஆற்றுச் சத்தத்துக்குப் பின்னால் ஆயிரம் பேரின் முணுமுணுப்பு கேட்டது. எப்போதும் இருந்ததுதான், படித்துறையில் பதிவு செய்தது. இன்று அதில் ஒரு குரல் அவளுக்குத் தெரிந்த குரலாக இருக்குமோ என்று தேடினாள்.

ஏழாவது தடவை அவள் ஹெட்போனைக் கழற்றப் போனபோது, கண்ணாடிக்கு அப்பால் அம்மா எழுந்து நிற்பது தெரிந்தது. கைப்பையைச் சோபாவில் வைத்துவிட்டிருந்தாள். வலது கையைக் கட்டைவிரல் பக்கமாகக் கவிழ்த்தாள், தர்ப்பணத்தில் தண்ணீர் விடுவதுபோல. அறையில் தண்ணீர் ஏது. வெறும் கை.

ஆறு ஓடியது. மதுவந்தி கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

"பாலசுப்ரமணிய சர்மா."

மூன்று தடவை. ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் கை கவிழ்ந்தது. அப்புறம் தாத்தா. அப்புறம் வைத்தியநாத சர்மா, முதல் தடவையிலேயே, ஒரு பிசிறு இல்லாமல், போய்ச் சேர்ந்தது.

பிரவீண் பதிவை நிறுத்தினான். வெளியே வந்த பெண்ணின் கழுத்தை ஜகதாம்பாள் தொட்டுப் பார்த்தாள்.

"வீங்கியிருக்கே. என்ன கழுத்தோ இது. மிளகு தட்டிப்போட்டுப் பால் தரேன், வா."

பழைய பாட்டை எடுத்துவிட்டுப் புதியதை அன்றே ஏற்றினார்கள். பின்லாந்து விமர்சகர் ஒரு வாரத்தில் மறுபடி எழுதினார். பழையது பெரிய கோபம், இதில் கோபமே இல்லை, இது பயம், எனக்குப் பழையதே மேல் என்றார். ஜாதவ்பூர் மாணவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் மூன்றாவது பெயரை மாற்றிக்கொண்டு, அதே நடைபாதையில் அதே வெறியோடு கத்தினார்கள்.

புதியதை ஏற்றிய மறுநாள் காலை மதுவந்தி போனைத் திறந்தபோது அந்தத் தமிழ்க் கமெண்ட் இல்லை. அந்தக் கணக்கே இல்லை. அதற்குக் கீழே அம்மா எழுதிய பதிலும் அதோடு போயிருந்தது. அதை அவர் படித்துவிட்டுத்தான் போனார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அம்மாவிடம் சொன்னபோது "ம்" என்றாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் போனை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

காளி பூஜை முடிந்த வாரம் விஸ்வநாத வாத்தியாரை அம்மாவே கூப்பிட்டாள். காரியங்கள் நடந்தன. பொட்டு விஷயத்தை யாரோ ஜாடையாக எடுத்தபோது, "அது அவர் வெச்சதில்லே, எங்கம்மா வெச்சது. இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி வாயை அடைத்தாள். அந்த மாதக் கடைசியில் டாலிகஞ்சில் அர்க்கோவின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, இரண்டு அறை ஃபிளாட் ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. புதுக் கூரை. அம்மா போய்ப் பார்த்து, அண்ணாந்து பார்த்து, சரி என்றாள்.

சாமான்களை ஏற்றிய டெம்போ முன்னால் போனது. பின்னால் வந்த ஆட்டோவில் ஜகதாம்பாள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். முப்பத்தைந்து வருடம் குடியிருந்த வீட்டை அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று மதுவந்தி காத்திருந்தாள். அவள் பார்க்கவில்லை. குக்கர் இருந்த சாக்கு எதில் போயிற்று என்று விசாரித்தாள்.

"ஒரு நிமிஷம்மா" என்றாள் மதுவந்தி.

சந்து முனையில் பூஜைக்கு ஜபா என்கிற செம்பருத்தி மாலை விற்கும் கடை. கடைக்காரருக்கு அப்பாவைத் தெரியும். மதுவந்தி பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கேட்டு வாங்கி, புது விலாசத்தை முதலில் வங்காளியில் எழுதினாள். கொஞ்சம் யோசித்து, அதற்குக் கீழே தமிழிலும் எழுதினாள். தன் போன் நம்பரைப் போட்டாள்.

"காக்கு, யாராவது வந்து எங்களைக் கேட்டால் இதைக் கொடுங்கள்" என்று வங்காளியில் சொன்னாள். "எந்த நேரமானாலும் பரவாயில்லை."

"யார் வருவார்கள்?" என்று கேட்டார் அவர், தாளை மாலைத் தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டே.

"தெரியாது."

ஆட்டோவுக்குத் திரும்பி வந்து ஏறினாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடீ எழுதிக் குடுத்தே அங்கே?"

"ஒண்ணுமில்லேம்மா. கூரியர் ஏதாவது வந்தா அனுப்பச் சொன்னேன்."

ஆட்டோ புறப்பட்டது. சந்து முனை திரும்பும் வரை, மதுவந்தி உடம்பை முழுக்கத் திருப்பி உட்கார்ந்து, அந்த வாசலைப் பார்த்துக்கொண்டே போனாள்.